தேர்தல் வந்தால் தெருவே அந்நியமாகிறது: தன்பாலின இணையரின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஊர் அரசியலின் போக்கு தன்பாலின இணையரின் அன்றாட வாழ்க்கையை எப்படித் தொடுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த வாரம் பதில் சொல்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டோம்.

கேள்வி: சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. பல வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம், அக்கம்பக்கத்தில் நல்ல பழக்கம். உள்ளாட்சித் தேர்தல் பிரசாரத்தில் எங்களைப் போன்றவர்களைப் பற்றி மேடை போட்டுப் பேச ஆரம்பித்ததிலிருந்து வெளியே போகவே தயக்கமாக இருக்கிறது. இத்தனைக்கும் நேரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள்தான் பெரிதுபடுத்திக்கொள்கிறோமா?

இல்லை. உங்களுக்கு நடப்பது ஆய்வாளர்கள் அளந்து பார்த்த ஒன்று.

அமெரிக்காவில் 2004, 2005 தேர்தல்களையொட்டிப் பல மாநிலங்கள் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றின. அதற்கு முன்னும் அந்தச் சமயத்திலும், 34,653 பேரிடம் ஒரு தேசிய மனநலக் கணக்கெடுப்பு இரண்டு சுற்றுகளாக நடந்திருந்தது. மார்க் ஹாட்சன்பியூலர் குழுவினர் அந்த இரண்டு சுற்றுகளையும் ஒப்பிட்டு 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். தடை வந்த மாநிலங்களில் வாழ்ந்த தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்டவர்களிடம் மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகள் 36.6 சதவீதம் கூடியிருந்தன. மதுப்பழக்கக் கோளாறு 41.9 சதவீதம் கூடியது. பதற்றக் கோளாறு மூன்று மடங்கையும் தாண்டியது. தடை வராத மாநிலங்களில் இப்படி ஓர் ஏற்றம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மாநிலங்களில் அதற்கு முன்பும் அவர்களால் திருமணம் செய்துகொள்ள முடியாது. கையில் இருந்த உரிமை எதுவும் பறிபோகவில்லை. அப்படியிருந்தும் உடல்நலம் கெடும் அளவுக்குப் பாதிப்பு வந்தது என்றால், தங்கள் வாழ்க்கை மாதக்கணக்கில் பொது விவாதப் பொருளானதையும், அதற்கு எதிராக ஊரே வரிசையில் நின்று வாக்களித்ததையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

யாரும் எதுவும் சொல்லாதபோது பயம் எங்கிருந்து வருகிறது? இலன் மேயர் என்ற உளவியல் ஆய்வாளர் 2003-இல் விரிவாக எழுதிய 'சிறுபான்மை மன அழுத்தம்' என்ற கருத்து இதை விளக்குகிறது. நேரடி வசையும் தாக்குதலும் ஒரு வகை அழுத்தம். எப்போது ஒதுக்கப்படுவோமோ என்று காத்துக்கொண்டிருப்பது இன்னொரு வகை. மறைத்து வாழ்வது மூன்றாவது. உங்களை இப்போது பிடித்திருப்பது இரண்டாவது வகை. தினமும் சிரிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இன்று சிரிக்கவில்லை. அவருக்குத் தலைவலியா, நேற்றுக் கேட்ட மேடைப் பேச்சா? மற்றவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. உங்களுக்கு ஒரு நாளில் பத்து முறை எழுகிறது. அந்தக் கணக்கைப் போட்டே மனம் களைத்துவிடுகிறது.

பிரசாரம் முடியும்வரை செய்யக்கூடியவை இவை. தேர்தல் செய்தியை இருவரும் சேர்ந்து நாள் முழுக்கப் பார்க்க வேண்டாம். ஒருவர் ஒரு நாள், மற்றவர் மறுநாள் என்று முறை வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் பார்த்துத் தேவையானதை மட்டும் மற்றவருக்குச் சொல்லலாம். படுக்கைக்குப் போகுமுன் பார்க்கக் கூடாது. செய்திக்குக் கீழே வரும் பின்னூட்டங்களை அறவே தவிர்க்கலாம், அங்கிருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. அடுத்து, ஒரு தாளில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் பத்துப் பன்னிரண்டு பேரின் பெயரை எழுதி, அவர் உங்களை ஏற்றுக்கொண்டதற்கு அல்லது ஒதுக்கியதற்கு நேரடி ஆதாரம் என்ன என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறியுங்கள். ஊகத்தை எழுதக் கூடாது. பெரும்பாலும் ஒதுக்கியதற்கான பத்தி காலியாக இருக்கும். ஒன்றிரண்டு நிரம்பினாலும், எங்கே ஒதுங்க வேண்டும் என்பதாவது தெளிவாகும்.

தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால், குடி கூடினால், மனநல ஆலோசகரைப் பாருங்கள். தற்கொலை எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே உதவி கேளுங்கள். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் தொலைபேசி அழைப்பிலேயே, "இந்த ஈர்ப்பை மாற்ற முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். முடியும் என்று சொல்பவரிடம் போகக் கூடாது. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ஆம் தேதியே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

கேள்வி: வேலை மாற்றத்தால் வேறு ஊருக்குப் போகிறோம். அந்த ஊர் எங்களை எப்படி நடத்தும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. ஆனால் நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரே நாட்டுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே போதும். அங்கே 2017-இல் தன்பாலினத் திருமணம் பற்றி அஞ்சல் வழிக் கருத்துக் கணிப்பு நடந்தது. நாடு முழுக்க 61.6 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். சிட்னி, மெல்போர்ன் நகரங்களின் மையத் தொகுதிகளில் ஆதரவு 83.7 சதவீதம். அதே சிட்னியின் மேற்கே பிளாக்ஸ்லாந்து தொகுதியில் 26.1 சதவீதம்தான். ஒரே பெருநகரத்துக்குள் இந்த இடைவெளி. பின்னர் வந்த ஓர் ஆய்வு, எதிர்ப்பு வாக்கு கூடுதலாக விழுந்த தொகுதிகளில் வாழும் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்டவர்களின் மனநலமும் வாழ்க்கைத் திருப்தியும் ஒப்பீட்டளவில் குறைவாக இருப்பதைக் காட்டியது. ஆகவே பார்க்க வேண்டிய அளவு வார்டு, தொகுதி.

முதலில் தேர்தல் முடிவைக் கிடைக்கும் மிகச் சிறிய பிரிவு வரை இறங்கிப் பாருங்கள். எந்தக் கட்சி வென்றது என்பதைவிட, இந்தப் பிரச்சினையையே பிரசாரமாக வைத்த வேட்பாளருக்கு எவ்வளவு வாக்கு விழுந்தது என்பது பயனுள்ள தகவல். அடுத்து, உள்ளாட்சி மன்றத்தின் கூட்டக் குறிப்புகளைக் கடந்த இரண்டு ஆண்டுகளுக்குப் புரட்டுங்கள். பெரும்பாலான ஊர்களில் அவை பொது ஆவணங்கள். பாகுபாட்டுக்கு எதிரான விதி உண்டா, புகார் வந்தால் எந்த அதிகாரி வாங்குவார், எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்று பாருங்கள். விதி இருந்தும் புகார் வாங்க ஆள் இல்லாத ஊர்கள் ஏராளம். அங்கே விதி காகிதத்தோடு சரி.

மூன்றாவது, தொலைபேசி. மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவைக் கூப்பிட்டு, "நோயாளிக்குத் திருமணமாகாத துணைவர் இருந்தால் படிவத்தில் எந்த இடத்தில் எழுதுவீர்கள், பார்வை நேரத்துக்கு வெளியே உள்ளே விடுவீர்களா?" என்று கேளுங்கள். பதிலைவிட அது வரும் விதத்தைக் கவனியுங்கள். உடனே பதில் வந்தால், உங்களைப் போன்றவர்கள் முன்பே அங்கே போயிருக்கிறார்கள் என்று பொருள். "இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்பதுகூடப் பரவாயில்லை. எதிர்முனையில் நீண்ட மௌனம் என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரில் இரண்டு முறை போக வேண்டும், வார நாள் மாலை ஒரு முறை, விடுமுறை நாளில் ஒரு முறை. இருவரும் சேர்ந்தே போங்கள். வீட்டு உரிமையாளரிடம் குடிவருவது யார் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். சாமான் இறக்கிய பிறகு தெரியவந்து தகராறானால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஊரின் இணையக் குழுக்களில் கத்துகிற நாலைந்து பேரை ஊர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெறுப்புப் பதிவு இல்லாத குழுவே கிடையாது. அந்தப் பதிவுக்கு யாராவது மறுப்புச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒரே ஓர் உள்ளூர்ப் பெயராவது எதிர்த்து எழுதியிருந்தால் அது நல்ல அடையாளம்.

கேள்வி: என் மகனும் அவன் துணையும் சிறிய ஊரில் இருக்கிறார்கள். பெருநகரத்துக்குப் போய்விடச் சொல்லட்டுமா?

சொல்லாதீர்கள் அம்மா, கேளுங்கள். அந்த ஊரில் அவர்களுக்கு நம்பிக்கையான நாலு குடும்பம் இருந்தால், நகரத்தில் முகம் தெரியாமல் வாழ்வதைவிட அதுவே பாதுகாப்பாக இருக்கலாம். நேரடி மிரட்டல் வந்திருந்தால் மட்டும் இடம் மாறுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: என் துணைவி எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்கிறாள். எனக்கோ வேலை போய்விடும் என்ற பயம். ஊரில் அரசியல் சூடாகும்போதெல்லாம் எங்களுக்குள் சண்டை வருகிறது. "என்னை நினைத்தால் உனக்கு வெட்கம்" என்கிறாள். என்ன செய்வது?

வெளியே இருக்கும் அழுத்தம் வீட்டுக்குள் வரும்போது இருவரையும் ஒரே அளவில் தாக்காது. அரசுப் பணியிலோ பள்ளியிலோ இருப்பவருக்கு இழக்க அதிகம் இருக்கும். சொந்தத் தொழில் செய்பவருக்கு அந்தப் பயம் குறைவு. ஒருவர் காட்டும் எச்சரிக்கையை மற்றவர் வெட்கம் என்று படிக்கிறார். அவர் வெளிப்படையாக இருக்க ஆசைப்படுவதை இவர் பொறுப்பின்மை என்று படிக்கிறார். இருவரும் பேசுவது ஊரைப் பற்றித்தான், ஆனால் குற்றச்சாட்டு மட்டும் ஒருவர்மேல் ஒருவருக்கு.

உட்கார்ந்து இடங்களைப் பிரியுங்கள். நீங்கள் இருவரும் போகும் இடங்கள் எல்லாவற்றையும் எழுதி, மூன்று வகையாக்குங்கள்: இணையர் என்று வெளிப்படையாக இருக்கும் இடம், யாராவது கேட்டால் மட்டும் சொல்லும் இடம், சொல்லவே கூடாத இடம். வேலைக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து இருக்கும் இடத்தில், அந்த ஆபத்தைச் சுமப்பவரின் முடிவே இறுதி. இதில் வாக்கெடுப்பு கிடையாது. பதிலுக்கு, முதல் வகையில் குறைந்தது இரண்டு இடமாவது இருந்தே ஆக வேண்டும். உங்கள் துணைவி எங்கேயுமே வெறும் 'தோழி'யாக மட்டும் இருக்க நேர்ந்தால், எவ்வளவு அன்பாக விளக்கினாலும் அது வலிக்கும். அந்த வலி நியாயமானது.

"இவங்க யாரு?" என்று திடீரென்று யாராவது கேட்டால் என்ன பதில் என்பதை ஒவ்வொரு இடத்துக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் 'அக்கா' என்று சொல்லி, மற்றவர் 'கூட வேலை பார்ப்பவர்' என்று சொன்னால், அந்த ஒரு நொடித் தடுமாற்றமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு அதுவே சண்டைக்கும் விதை. தேர்தல் காலத்தில் இந்தப் பட்டியலை மாதம் ஒரு முறையாவது மறுபடி பாருங்கள். ஓர் இடம் கீழே இறங்கினால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெருவில் கைகோத்து நடக்கத் தயங்குவதை நினைத்து இருவரும் குற்ற உணர்வு கொள்ளவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2019-இல் நடத்திய பெரிய கணக்கெடுப்பில், பத்தில் ஆறு பேர் பொது இடத்தில் துணையின் கையைப் பிடிப்பதை எப்போதுமோ அடிக்கடியோ தவிர்ப்பதாகச் சொன்னார்கள்.

கேள்வி: நாங்கள் போராடியது கிடைத்துவிட்டது. தீர்ப்பும் வந்தது. ஆனால் எங்கள் ஊரில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லையே, ஏன்?

தீர்ப்பு இரண்டு வேகத்தில் வேலை செய்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015 ஜூன் 26-இல் நாடு முழுக்கத் தன்பாலினத் திருமணத்தை ஏற்றது. அந்த நேரத்தில் மார்கரெட் டாங்கார்ட், எலிசபெத் பாலக் இருவரும் செய்த ஆய்வில், தீர்ப்புக்குப் பிறகு மக்களின் சொந்தக் கருத்து மாறவில்லை. மாறியது, "மற்றவர்கள் இதை ஆதரிக்கிறார்கள்" என்ற எண்ணம். இது சிறிய விஷயமல்ல. வெறுப்பு உள்ளவரும் ஊர் தன்னோடு இல்லை என்று நினைத்தால் வாயை மூடிக்கொள்வார்.

ஆனால் தீர்ப்பு மேலிருந்து திணிக்கப்பட்டது என்று ஊர் நினைத்தால் கதை வேறு. 2019-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, தாங்களாகவே சட்டம் கொண்டுவந்த மாநிலங்களில் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் மீதான வெறுப்பு அதன்பின் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் குறைந்ததைக் கண்டது. தாங்களாகக் கொண்டுவராமல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மட்டுமே சட்டம் வந்துசேர்ந்த மாநிலங்களில் வெறுப்பு கூடியது. உங்கள் ஊர் இரண்டாவது வகையாக இருக்கலாம்.

அதனால் பெரிய வெற்றிக்குப் பிறகு செய்ய வேண்டியது கீழ்மட்ட விதிகளை மாற்றுவது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடியை நீக்கியது. ஆனால் வீட்டைவிட்டு வந்த இணையரைக் காவல்துறை தேடி அலைக்கழிப்பது அதோடு நிற்கவில்லை. அப்படி ஒரு பெண் இணையரின் வழக்கில் 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்றம் விரிவான வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில், பால்புதுமையினரை, அதாவது தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், திருநர் உள்ளிட்டோரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது. நாட்டின் தலையாய தீர்ப்பைவிட, காவல் நிலையத்தில் எடுத்துக் காட்டக்கூடிய அந்த ஒரு விதி இரவு பதினொரு மணிக்குக் கைகொடுக்கும். உங்கள் ஊரிலும் காவல், மருத்துவமனை, பள்ளி, வீட்டு வாடகை என்ற நான்கில் எந்த விதி இன்னும் பழையபடி இருக்கிறது என்று பார்த்து, அதில் ஒன்றை மட்டும் முதலில் கையில் எடுங்கள்.

கேள்வி: நான் உள்ளாட்சி மன்ற உறுப்பினர். தன்பாலின உறவுகளுக்கு எதிராக ஒரு தீர்மானம் வரப்போகிறது. "சட்டபூர்வ மதிப்பே இல்லை, வெறும் கருத்துதான், ஆதரித்துவிட்டுப் போங்கள்" என்கிறார்கள்.

போலந்தில் 2019 முதல் ஏறத்தாழ நூறு உள்ளாட்சி அமைப்புகள் இதைத்தான் சொல்லி 'எல்ஜிபிடி கருத்தியலுக்கு' (தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்டவர்களையும் திருநரையும் சேர்த்துக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம் எல்ஜிபிடி) எதிரான தீர்மானங்களை நிறைவேற்றின. யாருக்கும் தண்டனை விதிக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. ஆனால் தங்கள் ஊர் மன்றமே தங்களை வேண்டாதவர்கள் என்று பதிவு செய்துவிட்டதாக அங்கே வாழ்ந்தவர்கள் உணர்ந்தார்கள். 2020-இல் ஐரோப்பிய ஆணையம் அப்படிப்பட்ட ஆறு ஊர்கள், வேறு நாட்டு ஊர்களோடு உறவு வைத்துக்கொள்ளும் நகர உறவுத் திட்டத்துக்காகக் கேட்ட நிதி விண்ணப்பங்களை நிராகரித்தது. 2022-இல் போலந்தின் உச்ச நிர்வாக நீதிமன்றம் சில தீர்மானங்கள் செல்லாது என்பதை உறுதி செய்தது. கடைசித் தீர்மானம் 2025 ஏப்ரலில் வான்சுட் மாவட்டத்தில் திரும்பப் பெறப்பட்டது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 34 மாவட்டங்களைச் சேர்ந்த 31,852 பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வையும் உங்கள் மன்றத்தில் சொல்லுங்கள். ஒவ்வொரு மாவட்டத்தின் அரசியல் சாய்வு, பள்ளிகளின் பாகுபாட்டு எதிர்ப்பு விதிகள், தன்பாலின இணையரின் விகிதம் ஆகியவற்றை வைத்து ஆதரவான சூழல், ஆதரவற்ற சூழல் என்று பிரித்தார்கள். ஆதரவற்ற சூழலில் வாழ்ந்த தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட மாணவர்கள் தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு 20 சதவீதம் அதிகமாக இருந்தது.

வாக்கெடுப்பில் நீங்கள் தோற்கலாம். அப்போதும் எதிர்த்துப் பேசியது குறிப்பில் ஏற வேண்டும். "என் எதிர்ப்பைக் காரணத்தோடு பதிவு செய்யக் கேட்கிறேன்" என்று கூட்டத்திலேயே சொல்லி, எழுத்து வடிவத்தையும் கையோடு கொடுத்துவிடுங்கள். பெயர் சொல்லி வாக்கெடுக்கவும் கோருங்கள். குரல் வாக்கெடுப்பில் எல்லோரும் ஒளிந்துகொள்ள முடியும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் ஓர் இணையர் இருக்கிறார்கள். இந்தச் சூழ்நிலையில் அவர்களுக்கு ஆதரவு காட்ட ஆசை. போய்ச் சொன்னால் சங்கடப்படுவார்களோ என்று சும்மா இருக்கிறோம்.

சும்மா இருந்தால் அவர்கள் உங்களை எதிர்ப்பக்கத்தில் கணக்கு வைப்பார்கள். ஆஸ்திரேலியக் கணிப்பு நடந்தபோது எடுத்த ஓர் ஆய்வில், எதிர்ப் பிரசாரத்தை அதிகம் பார்த்தவர்களுக்கு மனத்துயரம் அதிகமாக இருந்தது. ஆனால் நெருங்கிய வட்டத்தின் ஆதரவு இருந்தவர்களிடம் அதன் தாக்கம் தணிந்திருந்தது. உங்களால் கொடுக்கக்கூடியது அதுதான்.

நீண்ட பேச்சு வேண்டாம். மின்தூக்கியில் பார்க்கும்போது, "உங்களைப் போன்றவர்களுக்கு எதிரான அந்தப் பிரசார நோட்டீஸைப் பார்த்தோம், எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. எதுவும் தேவைப்பட்டால் கதவைத் தட்டுங்கள்" என்றால் போதும். விசேஷத்துக்கு அழைத்தால் இருவர் பெயரையும் ஒரே அழைப்பில் எழுதுங்கள். "நீங்கள் எப்படி இருந்தாலும் எங்களுக்குக் கவலையில்லை" என்று சொல்லிவிடாதீர்கள், அது பொறுத்துக்கொள்வதாகக் கேட்கும். குடியிருப்போர் கூட்டத்தில் யாராவது கேலி பேசினால் அந்த இடத்திலேயே, அவர்கள் இல்லாதபோதும், மறுத்துப் பேசுங்கள். ஆனால் அவர்களைக் கேட்காமல் அவர்கள் கதையை யாரிடமும் சொல்லக் கூடாது.

கதவில் வெறுப்பு நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தால் கிழிப்பதற்கு முன் அகலமாக ஒன்று, கிட்டத்தில் ஒன்று எனப் படம் எடுங்கள். தேதி, நேரம், பார்த்தவர் பெயரை அன்றே எழுதி வையுங்கள். கண்காணிப்புப் படக்கருவிப் பதிவுகள் பல இடங்களில் சில நாட்களிலேயே அழிந்துவிடும் என்பதால் அதை உடனே கேட்டு வாங்குங்கள். பிறகு புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த இணையரின் முடிவு.

கேள்வி: அடுத்த ஆட்சி எப்படி இருக்குமோ தெரியாது. எங்கள் உறவுக்குச் சட்ட அங்கீகாரமும் இல்லை. இப்போதே எழுதி வைக்க வேண்டியவை என்ன?

நான்கு. நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால் வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

மருத்துவ முடிவெடுக்கும் உரிமையை ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுக்கும் ஆவணம் முதலில். நினைவில்லாமல் கிடக்கும்போது மருத்துவர் யாரைக் கேட்பார் என்பதை இது தீர்மானிக்கும். இங்கே நடக்கும் பெரிய தவறு, சாதாரண அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது. பல நாடுகளில் எழுதிக்கொடுத்தவர் சுயநினைவு இழந்த நொடியில் அந்தப் பத்திரம் செயலிழந்துவிடும், அதாவது தேவைப்படும் நேரத்தில் உதவாது. நினைவிழந்த பின்னும் செல்லுபடியாகும் என்று அதில் எழுத உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது உயில். இரண்டு சாட்சிகள், இருவருக்கும் உயிலில் பங்கு இருக்கக் கூடாது. பிறந்த வீட்டார் வழக்குப் போடக்கூடும் என்றால், எழுதிய அன்றே மனத்தெளிவோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றையும் சேர்த்து வையுங்கள். பதிவு செய்ய வசதி இருந்தால் செய்துவிடுங்கள்.

மூன்றாவது, வங்கி, காப்பீடு ஆகியவற்றில் நியமனதாரர் பெயர். துணையின் பெயரைப் போட்டுவிட்டால் பணம் அவருக்கே என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் நியமனதாரர் பணத்தை வாங்கி வாரிசிடம் சேர்ப்பவர் மட்டுமே. உயிலும் நியமனமும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும்.

நான்காவது, வாடகை ஒப்பந்தமும் ஒரு கட்டண ரசீதாவது இருவர் பெயரிலும் இருப்பது. சேர்ந்து வாழ்ந்ததற்கு அதுதான் சாட்சி.

அசலை வீட்டுப் பீரோவில் மட்டும் வைக்காதீர்கள். ஒருவர் இறந்ததும் வீட்டுக்கு முதலில் வந்து பூட்டுபவர் யார் என்று சொல்ல முடியாது. ஒரு பிரதி இருவரின் தொலைபேசியிலும், இன்னொன்று நம்பிக்கையான நண்பரிடமும் இருக்கட்டும். வீடு மாறினாலோ சட்டம் மாறினாலோ ஒரு முறை எடுத்துப் படித்துத் திருத்துங்கள். இரண்டும் இல்லாவிட்டால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை.